அமாவாசைக்கு வரும் தண்ணீர்

கிள்ளானில் அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கடை. அதைத் தாண்டினால் கடலை மறிக்கும் மண்கரை. கரைக்கு அந்தப் பக்கம் சதுப்பில் பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்கள். நான் வளர்ந்த காலமெல்லாம் கடல் அந்த மரங்களுக்கு அப்பால் தன் பாட்டுக்குக் கிடந்தது. இப்போது சொல்லிவைத்தாற்போல் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

அப்பா போன பிறகு அமாவாசைதோறும் அவருக்குப் படையல். நான் வேலை முடிந்து, கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் சுபாங் ஜெயாவிலிருந்து வந்து சேர வேண்டும் என்பதால், விளக்கு வைக்கும் நேரத்தில்தான் அம்மா இலை போடுவார். அமாவாசையில் கடல் பொங்கும் என்பது தெரியாத விஷயமில்லை. அது பொங்குகிற நேரமும் அதே விளக்கு வைக்கும் நேரம்தான் என்பது, சமையலறைத் தரையில் விரித்த இலை மிதக்கத் தொடங்கிய அன்றுதான் எனக்கு உறைத்தது. சாக்கடை வழியாக ஏறி வந்த தண்ணீரில் பாயசக் கிண்ணம் மெல்ல நகர்ந்து கதவுப் பக்கம் போனது. அம்மா அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஐயோ கருமம், சாக்கடத் தண்ணிமா! துப்புங்க!" என்று கத்தினேன்.

"உப்பு கரிக்குது. கடல்தான்," என்றார்.

அடுத்த அமாவாசைக்கு அப்பாவின் சோறு பலகைக்கு ஏறியது. சில மாதங்களில் மேசைக்கு ஏறியது. படையலை வேறு நாளில் வைத்துக்கொள்ளலாமே என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"அமாவாசய மாத்திரலாம். உங்கப்பாவுக்கு யாரு போன் பண்ணி சொல்றது? நீ பண்றியா?"

கரை ஒருநாள் உடையும், முட்டிவலியோடு அம்மா தனியாக இருக்கும் நேரம் பார்த்து உடையும் என்ற பயம் என்னைத் தின்றது. என் வீட்டில் அவருக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தேன். வந்துவிடுங்கள் என்று நான் கெஞ்சாத வாரம் இல்லை. பதில் மட்டும் மாறவே இல்லை.

"அப்பா வச்ச வாழை இருக்கு லா. அது நிக்கிற வரைக்கும் நான் வரல."

படையலுக்கு இலை அந்த வாழையிலிருந்துதான் வரும்.

பாக்காவ் மரங்கள் வேர் அரித்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அவற்றில் இருந்த குரங்குகள் எங்கள் வரிசை வீடுகளின் கூரைக்குக் குடிவந்தன. ஒருநாள் சேற்றில் துள்ளித் திரியும் பெலாச்சாக் மீன் ஒன்று எங்கள் துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டு, வாடகை கொடுத்துக் குடியிருப்பவன் மாதிரி என்னை முறைத்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழை இலைகள் ஓரத்திலிருந்து கருகின. படையலுக்குப் பாசாரில் இலை வாங்க ஆரம்பித்தோம். அப்பா கையால் நட்டது செத்துக்கொண்டிருந்தது, எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அதை நினைத்து வெட்கமும் பட்டேன்.

இந்த வருடம் மகாளய அமாவாசைக்குத் தண்ணீர் முழங்கால் வரை ஏறியது. விடிந்து வடிந்த பிறகு பார்த்தால் வாழைக் கட்டை அழுகி, மொத்தமாகச் சாக்கடைப் பக்கம் சாய்ந்து கிடந்தது. பின்வாசலில் நின்று அம்மா வெகுநேரம் அதையே பார்த்தார்.

"சரி, போலாம்," என்றார். அழவில்லை.

அப்பாவின் படத்தைச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. எதையெதையோ பேசிக்கொண்டே, மேட்டுச் சாலையில் நிறுத்தியிருந்த காரில் துணிப் பைகளை ஏற்றிவிட்டு, முன்கதவைத் திறந்துவிட்டேன். என் காரில் ஏறும்போது செருப்பைக் கழற்றுவது அம்மாவின் வழக்கம். வெறுங்காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றார்.

"என்னாடி, கீழ ஈரமா இருக்கு?"

போன வாரம் சுபாங் ஜெயாவில் பெய்த மழையில் எங்கள் தெரு நிரம்பி, வாசலில் நிறுத்தியிருந்த காருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. தரைவிரிப்பு இன்னும் காயவில்லை. இதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அம்மா குனிந்து தரைவிரிப்பை அழுத்தி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு இல்ல," என்றார். ஏறி உட்கார்ந்து அப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அங்கயுமா?"