டச்சுப் படத்தில் மரியம்மாள்

1. துணி விலகிய நாள்

துணியை இழுத்ததும் ஹால் முழுக்கக் கைதட்டினார்கள். ஆறடிக்கு நாலடி கேன்வாஸ், நான் மூன்று மாதம் வரைந்தது. மேலே கப்பலும் கோட்டையும், நடுவில் லேஸ் காலர் வைத்த டச்சு முன்னோர், கீழே நாற்காலியில் தாத்தாவும் பாட்டியும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சொந்தங்கள் போனை நீட்டிப் படமெடுத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த ரோஸ்மேரி ஆன்ட்டி மட்டும் கைதட்டவில்லை. என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டார்.

"எங்கம்மா எங்க தம்பி?"

படத்தில் கீழே உட்கார்ந்திருந்த பாட்டியைக் காட்டினேன். ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவங்க யாரு? இது எங்கம்மா இல்ல."

அவருடைய மகன் எட்வின் குனிந்து அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு நிமிர்ந்து, அம்மாவுக்கு எண்பத்தாறு வயதாகிறது, ஞாபகம் தடுமாறுகிறது என்று சுற்றி நின்றவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எல்லாரும் பாவம் என்பதுபோல் சிரித்தார்கள். ஆன்ட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரிதான் என்று அந்த ஹாலில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் எட்வின், இன்னொருவன் நான். நான் கேக் சாப்பிடப் போய்விட்டேன்.

2. ஒரு நம்பர் ஏற்றுவது

சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வந்தால் தெப்ரா, அங்கே டயர் கடைக்குப் பக்கத்தில் என் கடை. முப்பத்தெட்டு வருஷமாக ஆயில் பெயின்டிங்கில் முகம் வரைகிறேன். பாதிக்கு மேல் இறந்தவர்களின் படம்தான். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருக்கிற அளவு போட்டோ ஒன்றைக் கொடுத்து, "அப்பா நல்ல கலருண்ணே, போட்டோலதான் கறுத்துட்டாரு" என்பார்கள். அப்பா எந்தக் கலர் என்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எதற்கு வம்பு என்று கலவையில் ஒயிட்டைக் கொஞ்சம் கூட்டிவிடுவேன். எங்கள் கடைப் பேச்சில் இதற்கு ஒரு நம்பர் ஏற்றுவது என்று பெயர். கோயிலுக்குப் போகிறவர்களும் சரி, சர்ச்சுக்குப் போகிறவர்களும் சரி, இந்த விஷயத்தில் நம் ஆட்கள் எல்லாரும் ஒரே ஜாதி. செத்தவர் யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. அந்தத் தைரியத்தில் கேட்காமலே ஏற்ற ஆரம்பித்தேன். கடைசியில் அது கைக்குப் பழகிவிட்டது.

3. நாலு பூச்சு

இந்தப் படத்துக்கு ஆர்டர் கொடுத்தவர் எட்வின், சிங்கப்பூரில் இன்ஜினியர். அவருடைய அம்மாவைப் பெற்ற தாத்தா, சிலோனில் குடியேறிய டச்சுக்காரர்களின் வம்சம். யோங் பெங் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு, காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிற டிரெசராக வந்தவர். அங்கே ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த மரியம்மாளைச் சர்ச்சில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார். எட்வின் கொண்டுவந்த வம்சப் பட்டியலில் டச்சுப் பெயர்கள் ஏழு தலைமுறைக்கு நீண்டிருந்தன. மரியம்மாள் இருக்க வேண்டிய இடத்தில் மேரி என்று மட்டும் போட்டிருந்தது.

மரியம்மாளுக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. பைபிளுக்குள் வைத்திருந்ததை ஆன்ட்டியே கடைக்கு வந்து கொடுத்தார். "எங்கம்மா எப்படி இருக்காங்களோ அப்படியே போடு தம்பி. கண்ணு மூடறதுக்குள்ள பெருசா ஒருக்கா பாத்துடணும்" என்றார். அதனால் அந்த ஒரு தடவை கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு நம்பர் ஏற்றாமல் வரைந்தேன். பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பைத் தூக்கலாகவே போட்டேன்.

முதல் பூச்சு முடிந்ததும் ஆன்ட்டி வந்து பார்த்தார். பிறகு, "அப்படியே இருக்காங்க. மூக்குத்தியில ஒரு கல்லு விழுந்திருக்கும், அதக்கூட விடல நீ" என்று சொல்லி அழுதார். இத்தனை வருஷத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். சந்தோஷத்தில் போனில் ஒரு படமெடுத்து எட்வினுக்கு அனுப்பினேன்.

அன்று மாலையே அவர் கூப்பிட்டார். "அங்கிள், பாட்டி கலர கொஞ்சம் தூக்குங்க லா. மத்தவங்க பக்கத்துல செட் ஆகல."

ஒரு நம்பர் ஏற்றினேன். அடுத்து இன்னொன்று ஏற்றச் சொன்னார். மூன்றாவது தடவை மூக்குத்தி போனது. நாலாவது தடவை சேலை கவுன் ஆனது. அம்மா கேட்பாரே என்று ஒருதரம் மென்று விழுங்கிச் சொன்னேன். அம்மாவிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். ஒவ்வொரு பூச்சும் காய ஒரு வாரம், பத்து நாள் என்று ஈசலுக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தேன். அதனால் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. நான் போட்டது டைட்டானியம் ஒயிட். அதைக் கனமாகப் போட்டால் அடியில் இருப்பது எந்தக் காலத்திலும் மேலே தெரியாது.

4. அதோ பாரு

வேலை முடிந்ததும் போட்டோவை எட்வின் கையில் கொடுத்தேன். ஆன்ட்டியின் கையில் கொடுத்திருக்க வேண்டும். அது பைபிளுக்குத் திரும்பவே இல்லை.

படத்தை அவர்கள் வீட்டு ஹாலில் மாட்டினார்கள். ஆன்ட்டியின் நாற்காலியும் அதற்கு எதிரேதான். போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். எட்வின் சொல்லி வந்த இரண்டு பெரிய ஆர்டர்கள் கையில் இருந்தன. இப்படியே ஐந்து மாதம் தள்ளிப்போட்டேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

ஒரு நாள் காலை எட்வின் வேலைக்குப் போன பிறகு அங்கே போனேன். ஆன்ட்டி பாதியாக இளைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"ஆன்ட்டி, ஒங்களுக்கு ஞாபகம் ஒன்னும் போகல. நாந்தான் மொகத்த மாத்திட்டேன். இந்தாங்க, இதுதான் ஒங்கம்மா."

போனில் இருந்த முதல் பூச்சைப் பெரிதாக்கிக் காட்டினேன். கறுத்த நெற்றி, சேலை, கல் விழுந்த மூக்குத்தி எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஆன்ட்டி வெகு நேரம் பார்த்தார்.

"யாரு தம்பி இவங்க? எஸ்டேட்ல இருந்தவங்களா?"

"மரியம்மா, ஆன்ட்டி. ஒங்கம்மா."

அவர் என் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தார். அன்று ஹாலில் எட்வின் அவர் தோளைத் தட்டிய அதே மாதிரி.

"இல்ல தம்பி. எனக்குதான் மறந்துபோச்சுன்னு நெனச்சேன், நீயும் மறந்துட்டியா? எங்கம்மா நல்ல செவப்பு. கவுன்தான் போடுவாங்க. அதோ பாரு."

போன மாதம் ஆன்ட்டி இறந்துவிட்டார். எனக்குத் தெரிந்து மரியம்மாளின் முகம் இப்போது என் போனில் மட்டும்தான் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு முகத்தைப் பார்த்து யாராவது அழுதிருந்தால், அவரைக் கேட்காமல் அதன்மேல் பிரஷ் வைக்காதீர்கள். வைத்துவிட்டால், "இவங்க யாரு" என்று அவர் கேட்கிற அந்த நிமிஷமே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் ஐந்து மாதம் கழித்துச் சொன்னேன். அதற்குள் நான் வரைந்தவள் அவருக்கு அம்மாவாகிவிட்டாள்.