ஒரே மாதிரி இரண்டு பொட்டலங்கள்

எல்கடுவயிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், தேயிலைத் தொழிற்சாலையொன்றில் புகை அலாரம் மாற்றிவிட்டு வந்தவர். நரைத்த மீசை, சட்டைப் பையில் திருப்புளி. மடியில் பத்திரிகைத் தாளில் சுற்றிய இரண்டு பொட்டலங்களை மாறி மாறித் தட்டிக்கொண்டே இருந்தார்.

“ஒன்னு சோத்துப் பார்சல். மத்தது பழைய அலாரம்ங்க. உள்ளுக்கு அமெரிசியம் இருக்கு. மண்ணுல கிடைக்காது, மனுசன் செஞ்ச உலோகம். அதோட கதிர்வீச்சு பாதியாக் கொறைய நானூறு வருசத்துக்கு மேல ஆகும்.”

“பயமில்லீங்களா?”

“ஒரு பேப்பர் போதும்ங்க, அந்தக் கதிரு தாண்டாது.”

பாதி வழியில் அவசரமாக இறங்கிவிட்டார். இருக்கையில் ஒரு பொட்டலம் கிடந்தது. எதை விட்டுப்போனார்? குனிந்து முகர்ந்தேன், ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பேப்பர் போதும் என்றுதான் சொன்னார். ஆனாலும் மாத்தளை வரை நான் நின்றுகொண்டே வந்தேன்.