சுமதி மேடமும் திண்டிவனத்துக் கணினிகளும்

செவ்வாய்க்கிழமை காலை, புதிதாக வாங்கிய கணினி மக்கர் பண்ணுகிறதே என்று சுமதி மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் கணவர் எடுத்தார். "அவங்க இல்லீங்க. விடியக்காத்தால நெஞ்சு வலிக்குதுன்னாங்க, போய்ட்டாங்க." எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, ஆத்திரம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இயங்கும் எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொண்டவர் அவர். நான் திண்டிவனம் கிளையின் பொறுப்பாளர். ஒவ்வொரு கணினியும் ஆன் ஆகும்போது விழுப்புரத்திலுள்ள தலைமைக் கணினியான சர்வரிடம் தன் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் ரிப்போர்ட் வரும். கரண்ட் போய் வந்தால் போச்சு, எல்லாம் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று ஒரே பெயரில் உட்கார்ந்துவிடும். ரிப்போர்ட் வராது, திட்டு மட்டும் வரும்.

"பேரைக் கையால அடிச்சு வெச்சுட்டா என்ன மேடம்?" என்று எரிந்து விழுவேன்.

"வேணாம் சார். அது பேரு கேட்டுக்கினுதான் நிக்குது. ஏன் பதில் வரலன்னு பாக்கணும். நாம எழுதி வெச்சா இந்தப் பேஜாரு போயி வேற பேஜாரு வரும்."

காரணத்தைத் தேடி மூன்று வாரம் பஸ்ஸில் வந்து போனார். எனக்குப் பொறுமை இல்லை. ஒரு மதியம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் நானே பெயர்களை அடித்தேன். அவசரத்தில் இரண்டு கணினிகளுக்கு ஒரே பெயர்.

மறுநாள், பெருமுக்கல்லிலிருந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வந்திருந்த பெண்ணின் ரத்த ரிப்போர்ட் யாரும் உட்காராத மேசைக்குப் போய்க் கிடந்தது. ஆபரேஷன் தள்ளிப்போனது. தாயும் பிள்ளையும் பிழைத்தது எங்கள் நல்ல காலம். முதலாளி வந்து கத்தினார். "சிஸ்டம் என் பொறுப்பு சார். தப்பு என்னுதுதான்" என்றார் சுமதி மேடம். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே காரணத்தைக் கண்டுபிடித்தார். கரண்ட் வந்ததும் கணினி சட்டென்று எழுந்துவிடுகிறது. வயர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி எழ அரை நிமிடம் கூடுதலாக ஆகிறது. அதற்குள் பெயர் கேட்டு, பதில் வராமல், கணினி தானே ஒன்றை வைத்துக்கொள்கிறது. கொஞ்சம் காத்திருந்து கேட்கும்படி மாற்றினார். நான் அடித்த பெயர்களையும் அழித்தார். "வெளியாளு எவனோ கைவெச்சிருக்கான் சார்" என்றார் என்னிடம். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

ஒலக்கூரில் அவர் வீட்டில் மாலை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களப் பத்தி நெறைய சொல்லுவாங்க சார். எல்லாரும் ஜல்தி ஜல்தின்னாங்க, அந்த சார் ஒருத்தருதான் என்னை நம்பிக் காத்துக்கினு இருந்தாருன்னு."

அங்கேயும் தலையைத்தான் ஆட்டினேன்.

மேடம், அந்தப் பெயர்களை அடித்தவன் நான். இதை எழுதி முதலில் உங்கள் கணவருக்கும், பிறகு முதலாளிக்கும் அனுப்புகிறேன். போய் வாருங்கள்.