கட்டங்களாக மாறிய அக்காவின் மெட்டுகள்

பள்ளி நாட்களில் திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வயலின் வகுப்புக்குப் போகும்போது, பஸ்ஸிலேயே என் அக்கா புதுப்புது மெட்டுகள் கட்டுவாள். அவற்றை நான் எழுதி வைத்த நோட்டைக் கரையான் அரிக்கவே, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளில் ஏற்றிவிட்டு, நோட்டை எரித்துவிட்டேன்.

சென்ற மாதம் கம்ப்யூட்டரைப் புதுப்பித்த பிறகு அந்தக் கோப்புகளைத் திறந்தால், சுரக்குறிகள் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டங்கள். அழுகையோடு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஏய், எதையும் அழிச்சிராத. மொதல்ல வாசிக்க விட்டுக் கேளு" என்றாள்.

பொத்தானை அழுத்தினேன். மெட்டு பிசகாமல் ஒலித்தது. போனில் அக்காவும் கூடவே பாடினாள்.

காணாமல் போனது குறிகளைத் திரையில் காட்டும் எழுத்துரு மட்டுமே. அதை மறுபடி நிறுவியதும் எல்லாம் சரியானது.

இப்போது ஒவ்வொரு மெட்டையும் அச்செடுத்து அக்காவுக்கும் அனுப்புகிறேன். அவளோ பேனாவால் திருத்தம் போட்டுத் திருப்பி அனுப்புகிறாள்.