சனிக்கிழமை தளர்த்தும் நட்டு

எங்கள் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சுவரில் ஒரு கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் இரும்பை வெட்டுகிற மில்லிங் மிஷின். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால், லாரிகள் திரும்புகிற சந்தில் இருக்கிறோம். கல்யாணமாகி வந்த புதிதில் மிஷின் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வராது. பிறகு சத்தம் இல்லாவிட்டால் வராது என்று ஆகிவிட்டது.

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இதையும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த மிஷினில் நானும் வேலை செய்திருக்கிறேன். சும்மா எண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றவள் இல்லை. ஷாஃப்டில் சக்கரம் நழுவாமல் பிடிக்கிற சாவிக்கட்டை உட்காருகிற பள்ளத்தை நான் வெட்டினால், வாங்கிப் போனவர்கள் திருப்பி அனுப்பியது கிடையாது. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு வேறு என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரர் போன பிறகு மிஷின் சும்மா நின்றது. பூந்தமல்லியில் ஃப்ளாட்டில் இருக்கிற என் மகன் வந்து, ஷெட்டைக் காலி செய்து கூரியர்காரர்களுக்குக் குடோனாக விடலாம், நீ எங்களோடு வந்து இரு என்றான். நல்ல பிள்ளைதான். மருமகளும் நல்லவள்தான். ஆனால் அவர்கள் வீட்டில் எனக்கு உட்காருவதைத் தவிர வேலை இல்லை. சோபாவில் உட்கார்ந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலத்துக்காகக் காத்திருப்பது என்னால் ஆகாது. என் சோற்றை என் கை சம்பாதிக்க வேண்டும். அதுதான் எனக்குப் பழக்கம்.

"மிஷினை நான் ஓட்டுறேன்டா. வேலை குடுக்கிறவங்க இன்னும் கேட்டுகினுதான் கீறாங்க" என்றேன்.

"எப்படிம்மா ஓட்டுவே? அதுதான் ஆர்பர் கழலவே இல்லையே. ரெண்டு ஃபிட்டர் வந்து பார்த்துட்டுப் போயாச்சு."

அவன் சொன்னது உண்மை. ஆர்பர் என்பது கட்டரை மாட்டுகிற நீண்ட தண்டு. அதன் ஒரு முனை கூம்பாக இருக்கும். அந்தக் கூம்பு மிஷினின் வாய்க்குள் போய் உட்காரும். பின்னாலிருந்து ஒரு நீண்ட போல்ட் அதை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கழற்ற வேண்டுமானால் பின்னால் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, போல்டின் தலையில் செம்புச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். கூம்பு விட்டுக்கொடுக்கும். எங்கள் மிஷினில் அது விட்டுக்கொடுக்கவில்லை. மாட்டியிருந்ததோ பழைய கட்டர், பல்லெல்லாம் மழுங்கியது. ஆர்பர் வெளியே வராமல் வேறு எதையும் மாட்ட முடியாது.

கடைசியில் நானும் மகனும் ஒரு பேச்சுக்கு வந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் காயலாங்கடை டெம்போ வரும். அதற்குள் ஆர்பர் வெளியே வந்தால் மிஷினும் ஷெட்டும் என்னோடு. வராவிட்டால் கேஸ் வைத்து அறுத்துத் துண்டு துண்டாக ஏற்றிக்கொண்டு போகட்டும், நான் பெட்டியைக் கட்டுகிறேன். சொன்ன சொல்லை நான் மாற்றுகிறவள் இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை காலை என் கொழுந்தனுக்கு நானே போன் போட்டேன். என் வீட்டுக்காரரின் தம்பி. பட்டாபிராமில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் ஷெட்டில்தான் வேலை கற்றார். அண்ணனோடு ஏதோ ஒரு வார்த்தையில் முறைத்துக்கொண்டு போனவர், அண்ணனை எடுக்கிற அன்றுதான் மறுபடி வாசல் மிதித்தார். கூப்பிட்டதும் டூவீலரில் வந்து இறங்கினார்.

மிஷினைச் சுற்றி வந்தார். ஆர்பரைக் கையால் ஆட்டிப் பார்த்தார்.

"இன்னா அண்ணி, வெல்டிங் வச்சா மாதிரி புட்சிகினு கீது?"

"அதுக்குத்தான உன்ன வரச் சொன்னேன். பாத்துட்டுப் போறதுக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் வந்தாங்கோ."

"வந்ததும் வராததுமா வாயப் பாரு. ஒரு டீ குடுப்பியா மாட்டியா?"

"கழட்டு, குடுக்கிறேன்."

"எங்க அண்ணன் உன்கிட்ட எப்டித்தான் குப்ப கொட்டுச்சோ" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதே ஆணி. பழைய நாட்களில் அவர் சட்டை அங்கேதான் தொங்கும்.

நட்டைத் தளர்த்திவிட்டு, பின்பக்கம் போய் அடிக்க ஆரம்பித்தார். மகன் முன்பக்கம் நின்று, ஆர்பர் திடீரென்று வந்தால் விழாமல் தாங்கிக்கொள்ள ஒரு சாக்கை மடித்துப் பிடித்திருந்தான். ஒவ்வொரு அடிக்கும் கிண், கிண் என்று சத்தம். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. இறுக்கமாக இருக்கும்போது அப்படித்தான் கேட்கும். விட்டுக்கொடுத்தால் சத்தம் மட்டாகும், டொக் என்று.

அந்த டொக் எனக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமை தோறும் சாயங்காலம் அடுப்படியில் இருந்தே கேட்பேன். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து கை கழுவுவதற்கு முன்னால் ஆர்பரைத் தளர்த்திவிடுவார். ஓடாத நாளில் கூம்பு இறுகியபடி இருக்கக் கூடாது என்பார். லீவு ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, பொங்கலானாலும் சரி, வீட்டில் சாவே விழுந்தாலும் சரி. அவர் அப்பா இறந்த அன்று, பாடையைத் தூக்குவதற்கு முன்னால் ஷெட்டுக்குள் போய்த் தளர்த்திவிட்டு வந்தவர். டொக் என்று கேட்டதும் நான் டீக்குப் பாலை அடுப்பில் ஏற்றுவேன்.

கொழுந்தன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அண்ணி, கேக்கறேன்னு கோச்சிக்காத. இத்த கடைசியா மாட்டுனது யாரு? அண்ணன்தான?"

"உங்க அண்ணன் கை இப்டி மாட்டாது."

"பின்ன யாரு, முனீஸ்வரன் வந்து மாட்டிட்டுப் போச்சா?"

"யாரோ. அவர் இல்ல. லீவு நாளுக்கு ஆர்பர இறுக்கி வச்சிட்டுப் போற ஆளா உங்க அண்ணன்? நீயே சொல்லு."

அவர் மறுபடி சுத்தியலைக் கையில் எடுத்தார். மகன் என்னையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். "யாரு மாட்டினா என்னம்மா இப்போ?" என்றான். அவனுக்கு என்ன. எனக்கு அப்படி இல்லை. செய்கிற வேலையில் என் வீட்டுக்காரர் கை பிசகியது என்று ஒருவர் வாயால் நான் கேட்டதில்லை. இனிமேலும் கேட்க மாட்டேன்.

ஆனால் கேள்வி எனக்கும் இருந்தது. மிஷின் கடைசியாக நின்றது ஆயுத பூஜையன்று. வருடா வருடம் அன்று ஆர்பரைக் கழற்றி மண்ணெண்ணெயில் துடைத்து, வாழை இலையில் படங்களுக்கு முன்னால் வைப்பது வழக்கம். மிஷினின் தலைக்கும் மோட்டாருக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும்கூட உண்டு. கூம்புக்கு மட்டும் கிடையாது. கூம்பும் அது உட்காருகிற வாயும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், ஒரு தலைமுடி நடுவில் சிக்கினாலும் கட்டர் ஆட்டம் போடும் என்று யாரையும் அதன் பக்கம் விட மாட்டார். மறுநாள் மாட்டி ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

அந்த வருடப் பூஜை முடிந்து, நான் பொரியும் கடலையும் எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து ஷெட்டுகளுக்குக் கொடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் உள்ளே படுத்திருந்தார். அசதியாக இருக்கிறது என்றார். மறுநாள் காலை குளியலறையில் விழுந்தார். வாய் கோணி, பேச்சு போய்விட்டது. ஐப்பசி மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் வந்தது. யார் பார்த்தார்கள்? தை மாதம் அவர் போய்விட்டார். பூஜைக்கு இலையில் வைத்த ஆர்பர் எப்போது மிஷினுக்குள் போனது என்று கேட்க ஆள் இல்லை.

மத்தியானம் வரை அடித்தும் அசையவில்லை. மகன் கடிகாரத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, நான் பார்த்தேனா என்று என்னைப் பார்த்தான்.

"கேஸ் வச்சுக் காட்டுனா விட்டுரும் அண்ணி. ஆனா உள்ள பேரிங் போயிடும். மிஷின் அத்தோட அவுட்டு" என்றார் கொழுந்தன்.

"கேஸ் வேணாம். வெந்நி வைக்கிறேன்."

பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். கோணிப்பையை அதில் முக்கி, மிஷினின் வாயைச் சுற்றி வெளிப்பக்கம் கட்டினோம். ஆறியதும் எடுத்து மறுபடி முக்கிக் கட்டினோம். வாய் சூட்டில் கொஞ்சம் விரிய வேண்டும், ஆர்பர் மட்டும் குளிர்ந்து சுருங்க வேண்டும். மகனை மீன் கடைக்கு அனுப்பி ஐஸ் வாங்கி வரச் சொன்னேன். செதிள் ஒட்டிய ஐஸைப் பையோடு கொண்டு வந்தான். ஷெட் முழுக்கக் கவிச்சி.

"ஆபீஸ்ல உன் சீட்டுல மீன் நாத்தம் வந்தா இன்னா நைனா சொல்லுவ?" என்றார் கொழுந்தன்.

"எங்கம்மா மிஷினுக்கு ஜுரம்னு சொல்லுவேன் சித்தப்பா" என்றான். அன்றைக்கு முதல் தடவையாக மூன்று பேரும் சிரித்தோம்.

ஐஸைத் துணியில் கட்டி ஆர்பரின் உடம்பு நீளத்துக்கும் சுற்றினோம். ஆர்பரின் தோளுக்கும் மிஷின் முகத்துக்கும் நடுவில் மெல்லிய இடுக்கு ஒன்று உண்டு. கொழுந்தன் தன் பட்டறையில் தட்டிக்கொண்டு வந்திருந்த இரும்பு ஆப்புகளை அதில் எதிரெதிராகச் செருகினார். ஒன்றை நான் தட்டினேன், ஒன்றை மகன் தட்டினான். ஒரு பக்கம் அதிகமாகப் போனால் கோணலாக இறுகும் என்பதால், நான் ஒன்று அடித்தால் அவன் ஒன்று அடிக்க வேண்டும். அவன் அவசரப்பட்டான்.

"மெதுவாடா. நான் அடிக்கட்டும்."

"டெம்போ வந்துரும்மா."

"வரட்டும். வந்தா நிக்கட்டும்."

அவன் கை என் கைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தது. மிஷினை விற்கச் சொன்னவன், ஆப்பைத் தட்டும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாவும் அப்படித்தான் கடிப்பார்.

ஆப்புகள் இறுகி நின்றதும் கொழுந்தன் பின்பக்கம் போனார். கிண். கிண். மறுபடி கிண். சந்து முனையில் டெம்போ ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. மகன் வாசலைப் பார்க்கவில்லை. சாக்கை இறுக்கிப் பிடித்தான்.

டொக்.

பழக்கதோஷத்தில் அடுப்பங்கரைக் கதவைப் பார்த்துத் திரும்பிவிட்டேன், பால் வைக்க.

"வந்துடுச்சு! டேய், புடி, புடி!" என்று கொழுந்தன் பின்னாலிருந்து கத்தினார். மகன் ஆர்பரைத் தாங்கிக்கொண்டான். போல்டை முழுதாகக் கழற்றி, ஆர்பரை மெதுவாக உருவி சாக்கின்மேல் கிடத்தினோம்.

கூம்பு முழுக்கச் செந்துருவாக இருந்தது. துருவுக்கு நடுவில், கூம்பின் மேல்பக்கம், மூன்று விரல் பட்டை. விபூதியைத் தண்ணீரில் குழைத்துப் பூசியது. நசுங்கி, பழுப்பாகி, இரும்போடு இரும்பாக ஒட்டியிருந்தது. பட்டைகள் நேராக இல்லை. விரல் நடுங்கி, நடுவில் விட்டு, மறுபடி தொட்டு இழுத்த மாதிரி இருந்தது. அதற்குக் கீழே குங்குமம் இருந்த கறை.

அவர் தன் நெற்றிக்கு இடுகிற பட்டை. வேறு யார் விரலும் அந்த அகலம் வராது.

பூசிய ஈரத்தோடு வாய்க்குள் செருகி, ஸ்பேனரில் உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு இறுக்கியிருக்கிறார். துரு அந்த ஈரத்தில்தான் பிடித்திருக்கிறது. நான் பொரி கொடுக்கப் போன நேரம். மறுநாள் விழப்போகிறவர், முந்தின நாளே பாதி போயிருக்கிறார். நான் கவனிக்கவில்லை. இல்லை, அவருக்கு வேறு ஏதாவது மனதில் இருந்ததா, அதுவும் தெரியாது.

கொழுந்தன் பின்னாலிருந்து வந்து பார்த்தார். காலையில் கேட்ட கேள்வியை மறுபடி எடுக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, அந்தப் பட்டையைத் தொடாமல், அதன்மேல் தன் மூன்று விரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன்தான்" என்று நானே சொன்னேன். "உங்க அண்ணன்தான் மாட்டியிருக்காரு."

வாசலில் ஹார்ன் அடித்தது. மகன் எழுந்து போனான். "இல்லண்ணா, மிஷின் குடுக்கல. ஆமா, குடுக்கல. வண்டி வாடகைய நான் தர்றேன், கிளம்புங்க" என்று அவன் சொல்வது கேட்டது. எதிர்க்குரல் ஏதோ திட்டியது. பிறகு டெம்போ போனது.

திரும்பி வந்தவன், "அம்மா, இத அப்படியே எடுத்து வச்சிடலாம்மா. வேற ஆர்பர் வாங்கிக்கலாம்" என்றான். போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனான். வேண்டாம் என்றேன்.

வேறு ஆர்பர் எதற்கு? இந்த மிஷினுக்கு இதுதான். கூம்பில் ஒன்றும் இருக்கக் கூடாது. அது அவர் வைத்த சட்டம். அவரே வைத்த விபூதியானாலும் இருக்கக் கூடாது.

வேஸ்ட் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து நானே துடைத்தேன். லேசில் போகவில்லை. ஒரு பட்டை போனது. அடுத்தது போனது. மூன்றாவது பட்டையின் ஓரம் நகத்தால் சுரண்டித்தான் வந்தது. பிறகு நைசான எமரி காகிதத்தால் துருவைத் தேய்த்தோம். மிஷினின் வாய்க்குள் கையை விட்டு, விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். மண் இல்லை, பிசிறு இல்லை.

புதுக் கட்டரை மாட்டி மோட்டாரைப் போட்டபோது மிஷின் முதலில் கொஞ்சம் முனகியது. பிறகு ஓடியது. கிடந்த ஷாஃப்டு ஒன்றைக் கட்டி, ஒரு வெட்டு வெட்டினேன். பூஜைக்கு மறுநாள் வெட்டியிருக்க வேண்டிய வெட்டு. கட்டர் ஆடவில்லை.

"டீ?" என்றார் கொழுந்தன்.

"வைக்கிறேன், இரு."

நான் துடைத்த துணி தரையில் கிடந்தது. குப்பைக்குப் போட எடுக்கப் போனேன். கொழுந்தன் முந்திக்கொண்டு எடுத்தார். மண்ணெண்ணெய் சொட்டச் சொட்ட அதை நாலாக மடித்து, ஆணியில் இருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அதன் பையில் வைத்துக்கொண்டார். சட்டை கறையாகும் என்பது அவருக்கும் தெரியும்.

அன்று சனிக்கிழமை. பால் வைப்பதற்கு முன்னால் மிஷினின் பின்பக்கம் போய் நட்டைத் தளர்த்தி, செம்புச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன்.