வரதராசாவின் ஜப்பான் குழல்

பாரிஸில், எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் முப்பது வருடமாக விமானச் சீட்டு விற்கிறேன். சீட்டு விற்றதைவிட, மற்றவர்களின் கடிதங்களை வாசித்துச் சொன்னதுதான் அதிகம். பிரெபெக்சரிலிருந்து வரும் விசாக் கடிதம், வீட்டுக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், எதுவென்றாலும் எங்கள் சனம் என் கடைக்குத்தான் வரும். "தெரியாது" என்று ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. அவ்வளவு தலைக்கனம்.

வரதராசா பாரிஸின் புறநகரான பொபினியில் இருந்தான். மனைவி இறந்து நாலு வருடம். மகள் சிவாஜினி மட்டும் துணை. இருபத்திரண்டு வருடமாக ஒரு ஜப்பான் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவினான். முதலாளி ஜப்பான்காரர் இல்லை, சமைக்கிறவர்கள் யாழ்ப்பாணத்தார். அந்த இடத்தில் உண்மையாகவே ஜப்பானிலிருந்து வந்தது, காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் குழல் இசை ஒன்றுதான். மற்றவர்களுக்கு அது தலையிடி. இவன் மட்டும் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுக் கேட்பான்.

"அண்ணை, அது வாசிக்கிறமாதிரி இல்லை. ஆரோ ஒராள் ஆறுதலா மூச்சு விடுறமாதிரிக் கிடக்கு" என்பான். அவனுக்கோ இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது.

போன மாசியில் நெஞ்சு டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். சிவாஜினி லீவு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள். "நீ ஏன் மினக்கெடுறாய் பிள்ளை, நானிருக்கிறன்" என்று தடுத்துவிட்டேன்.

முதலில் ஒரு தாதி அவனை மெஷினுக்கு முன்னால் இருத்தி, வாயில் குழாயைக் கொடுத்து, "சூஃப்ளே, சூஃப்ளே" என்று கத்தினாள். நானும் பக்கத்தில் நின்று "ஊது, ஊது" என்று கத்தினேன். பிறகு டாக்டர் படங்களைப் பார்த்தபடி நெடுநேரம் பேசினார். பாதி விளங்கியது. மீதிக்குத் தலையாட்டினேன். கடைசியில் அவர் வரதராசாவின் தோளில் கைவைத்து, "இல் ஃபோ சூஃப்ளே, மொசியூ" என்றார்.

"என்னவாம் அண்ணை?"

"வேலையை நிப்பாட்டட்டாம். நல்லா ஊதட்டாம். நெஞ்சு பலப்படுமாம்."

நெஞ்சு பலப்படும் என்று டாக்டர் சொல்லவேயில்லை. அது என் சொந்தச் சரக்கு. தந்த கடிதத்தையும் வாசிக்காமலே அவனுடைய பைலுக்குள் செருகினேன். எல்லாம்தான் விளங்கிவிட்டதே. சிவாஜினி கேட்டபோதும் அதையேதான் சொன்னேன்.

பலூன் வாங்கி ஊது என்றேன். "நானென்ன சின்னப்பிள்ளையே? ஊதுறதெண்டால் அந்தக் குழலை ஊதுறன்" என்றான்.

பக்கத்து ஊரான பொண்டியில் ஸ்ரனிஸ்லாஸ் என்றொரு கிழவர் தன் வீட்டிலேயே பழைய வாத்தியங்கள் விற்றார். அவரிடம் ஷாகுஹாச்சி என்ற அந்த ஜப்பான் குழல் ஒன்று இருந்தது. இரண்டு அடிக்குச் சற்றுக் குறைந்த தடித்த மூங்கில். அடியில் வேர்க்கட்டை, முன்னால் நாலு துளை, பின்னால் ஒன்று. வரதராசா அதை எங்கள் புல்லாங்குழல்போலக் குறுக்கே பிடித்து, வாய் வைக்கத் துளை தேடினான். கிழவர் சிரித்துக்கொண்டு நேரே நிமிர்த்திக் கொடுத்தார். ஊதினான். வெறும் காற்று. முகம் கறுக்கும்வரை ஊதிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டான்.

"இவருக்கு உடம்பு சரியா?" என்று கிழவர் என்னைக் கேட்டார்.

"டாக்டர்தான் ஊதச் சொன்னார்" என்று வடிவான பிரெஞ்சில் பதில் சொன்னேன்.

கிழவர் காசை வாங்கிக்கொண்டு குழலைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் வரதராசா குழலை ஜக்கெற்றுக்குள் வைத்து அணைத்தபடி வந்தான். அன்று அவன் சந்தோஷமாக இருந்தான். நான் பார்த்தேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு, ஒரு ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. எடுத்தால் பேச்சில்லை; கரகரப்பாக, நீளமாக ஒரே ஒரு நாதம்.

"கேட்டதே அண்ணை?"

"கேட்டது, கேட்டது. இன்னும் இழுத்து ஊது."

இழுத்து ஊதினான். செவ்வாய்க்கிழமை வீட்டுக் குசினியில் விழுந்தான். சுவாசப்பை வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்து செத்துப்போனான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை சிவாஜினி கடைக்கு வந்தாள். ஒரு கையில் டாக்டரின் கடிதம், மற்றக் கையில் குழல். அன்று டாக்டர் சொன்ன வசனத்தை அப்படியே சொல்லும்படி பிரெஞ்சில் கேட்டாள். சொன்னேன். பிறகு தமிழுக்கு வந்தாள்.

"மாமா, அது ஊதச் சொன்னதில்லை."

"சூஃப்ளே எண்டால் ஊதுறதுதானே பிள்ளை?"

"அதுவும்தான். களைச்சுப்போன ஆளுக்குச் சொன்னால், இளைப்பாறு எண்டு அர்த்தம்."

கடிதத்தை விரித்து இரண்டாவது வரியைக் காட்டினாள். பாரம் தூக்கக்கூடாது, ஊதும் வாத்தியம் எதுவும் கூடாது என்று தெளிவாக அச்சடித்திருந்தது. அந்தத் தாளை முதலில் கையில் வாங்கியவன் நான்.

"ஆஸ்பத்திரியிலை அப்பாவுக்கு எல்லாம் விளங்கப்படுத்தினவை. மாமாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்" என்றாள். "எனக்குச் சொல்லாமல் இருக்க ஏலேல்லை."

குழலை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. நான் அவனைக் கொன்றேன். வேறுமாதிரிச் சொல்ல வழியில்லை.

அப்படியே நின்றபோது ஒரு பெண் உள்ளே வந்து ஒரு கடிதத்தை நீட்டினாள். "அண்ணை, இதிலை என்ன போட்டிருக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்."

எட்டு வரி. முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்.

"தெரியாது தங்கச்சி" என்றேன்.