பாதியில் அறுந்த லைன்

எங்கள் கம்பெனியின் தாப்பா ஊர்க் கிளைப் பெண்ணை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பியபோது நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காக என் மேலேயே எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், ஈப்போ நகரில் லாரி உதிரிப்பாகம் விற்கும் கம்பெனியில் நான் புரோகிராமர். கிளைகள் டெலிபோன் லைனில் எங்கள் கம்ப்யூட்டர் மெஷினைக் கூப்பிட்டு ஆர்டர்களை அனுப்பும். ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அதற்கான நெட்வொர்க் பகுதியை எழுதியது நான். நாலைந்து நாளுக்கு ஒருமுறை மெஷின் அசையாமல் நின்றுவிடும். மெமரி தீர்ந்துபோயிருக்கும். எது தின்றது என்று தெரியாது.

மேனேஜர் யாழ்ப்பாணத் தமிழர். நிறையப் படித்தவர், குரலை உயர்த்த மாட்டார். கிளைகளின் லாக் புத்தகங்களை வரவழைத்தார். தாப்பா புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் ‘லைன் போத்தோங்’ என்று இருந்தது. போத்தோங் என்றால் மலாய் மொழியில் வெட்டுவது. எஸ்டேட்டில் வளர்ந்த அவளுக்கும் எனக்கும் அது லைன் அறுந்துபோனது. அவருக்கு, அவளே அறுத்தது. மெஷின் நிற்பதற்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார்.

“தன்ர கையால எழுதி வச்சிருக்கிறாள், பிறகென்ன?” என்றார்.

வேலைக்கு வர வேண்டாம் என்று கடிதம் போனது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அர்த்தம் தெரியும். ஆனால் மெஷினில் கோளாறு என்றால் என் தலை உருளும். சும்மா இருந்தேன்.

அடுத்த வாரமும் மெஷின் நின்றது. அவள் இடத்தில் உட்கார்ந்தவனைப் போனில் பிடித்துத் திட்டினேன். “மழ வந்திச்சி, தானாவே போத்தோங் ஆயிடுச்சிண்ணே. நான் தொடவே இல்ல லா,” என்றான்.

அதன் பிறகுதான் அவள் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தேன். நிமிடம் வரை எழுதியிருந்தாள். பெரும்பாலும் கூப்பிட்ட ஒரு நிமிடத்துக்குள், இணைப்பு முழுதாக உருவாகும் முன்பே, லைன் அறுந்திருந்தது. நான் எழுதிய புரோகிராம் கோடைத் திறந்தேன். கூப்பிட்டதும் மெமரியில் இடம் பிடிக்கிறேன். வேலை முடிந்தால் விடுவிக்கிறேன். பாதியில் அறுந்தால் பிழை என்று சொல்லிவிட்டு அங்கேயே திரும்பிவிடுகிறேன். பிடித்த இடம் பிடித்தபடியே கிடக்கிறது. சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

அவசரத்தில் பிழை வரும் இடத்திலெல்லாம் விடுவிக்கும் வரியைச் சேர்த்தேன். மெஷின் உடனே கிராஷ் ஆகி நின்றது. முழுதாக உருவான இணைப்பு அறுந்தால், அதை மூடும் பகுதியே இடத்தை விடுவித்துவிடும். அதையே நான் மறுபடி விடுவித்திருந்தேன். விடுவித்ததைக் குறித்து வைத்து, குறித்ததைத் தொடாதே என்று எழுதினேன். மோடத்தின் வயரைப் பாதியில் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். மெமரி குறையவில்லை.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “திருத்தியாச்சுத்தானே தம்பி. பிள்ளையை வரச் சொல்லுவம். எழுத்தில ஒண்டும் வேண்டாம்.”

“அவங்க தப்புன்னு எழுத்துலதானே சார் போச்சி?” என்றேன்.

அவர் ஒரு ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். தவறு என் கோடில் என்று டைப் செய்து, கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை அவர் மேசையில் வைத்தேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு தாப்பாவுக்கு பஸ் ஏறினேன்.

எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் நின்றபடியே அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

“நான் எழுதுனதுக்கு என்னா அர்த்தம்னு ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்தானே அண்ணே?”

தெரியும் என்றேன்.

“அப்ப இத்தன நாளு எங்க போனீங்க?”

தாளை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உட்காரச் சொல்லவில்லை. மறு வாரம் வேலைக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு போனில் என்னிடம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.